ஊர் பார்க்க வந்தவர்கள்

பெண் பார்க்க வருகிறவர்கள் பெண் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளாத காலம் அது. வெற்றிலை பாக்கோடு முறையாக வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் பெண்ணின் பேர் கெட்டுப்போகும். அதனால் எங்கள் சனங்கள் முதல்முறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டுதான் வருவார்கள். பதுளையில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் ஊர் பார்க்க வந்தார்கள். கதிர்காமம் போய்க் கும்பிட்டாயிற்று, அப்படியே மலைநாட்டையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கப்பலேறலாமே என்று வந்தார்களாம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது இரண்டு பேர், மாப்பிள்ளையின் தாயும் அவளுடைய தம்பியும். மாப்பிள்ளை வரவில்லை. ஊரில் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை என்றார்கள். நாங்களும் நம்பியதாகக் காட்டிக்கொண்டோம்.

என் மாமனாருக்குக் கடைவீதியில் ஜவுளிக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் அந்த வீட்டின் மூத்த மருமகள். பார்க்கப்பட வேண்டியவள் என் நாத்தனார், என் கணவரின் தங்கை. வயது இருபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில் அந்த வயதில் பெண் வீட்டில் இருந்தால் வாடிக்கைக்காரர்கள்கூடத் துணி பார்த்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். எனக்கும் அவள் போனால் தேவலை என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன். கல்யாணமாகாத நாத்தனார் உள்ள வீட்டில் மருமகள் பூ வைத்தாலும் குற்றம், சிரித்தாலும் குற்றம்.

அவளுக்கு வலது கால் இடது காலைவிட ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குட்டை. சிறுவயதில் கடைப் பரணிலிருந்து விழுந்தவள். ஹாலிஎலப் பக்கத்திலிருந்து ஒரு சிங்கள வைத்தியர் வந்து எலும்பைச் சேர்த்துக் கட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கட்டு அவிழ்க்கும் முன்பே இவள் எழுந்து விளையாடப் போய்விட்டாளாம்.

என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை தன் மகளுக்கு நேராக நடக்கக் கற்றுக்கொடுத்தாள். மத்தியானம் கடையில் ஆள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் சரக்கறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மகளின் தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்து நடக்கவிடுவாள். வலது குதிகாலைத் தூக்கி, விரலை மட்டும் ஊன்றி நடந்தால் இடுப்பு இறங்காது. இறங்கினால் தண்ணீர் சிந்தும். சிந்தினால் துணி அளக்கும் கஜக்கோலால் ஓர் அடி விழும். அந்த அடியை எப்போதும் நல்ல காலில்தான் போடுவாள். அதற்குப் பேர் இரக்கம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். வருஷக்கணக்கில் இப்படி நடந்து நடந்து, சமதளமான தரையில் அவள் குறையை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்ற நிலை வந்தது. ஆனால் கூடத்திலிருந்து கிணற்றடி வரைக்கும்தான் அந்த நடை தாங்கும். அதற்கு மேல் போனால் முழங்கால் வீங்கி, இரண்டு நாள் படுக்கையில் கிடப்பாள்.

இதற்கு முன் வந்த இரண்டு இடமும் எப்படியோ விஷயம் தெரிந்து நழுவிவிட்டன. இந்த இடமும் போனால் இனி இடமில்லை என்பது எங்கள் வீட்டுப் பூனைக்கும் தெரியும். வந்திருந்த அம்மாளை நாங்கள் எங்களுக்குள் அப்போதே சம்பந்தியம்மாள் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

முதல் பயணம் ஹாலிஎலவுக்கு அப்பால், கூரை போட்ட பழைய மரப்பாலத்தைப் பார்க்க. அத்தையின் ஏற்பாடு கச்சிதமாக இருந்தது. விருந்தாளிகள் முகம் கழுவிக்கொண்டிருக்கும்போதே மகளைக் கூண்டு வண்டிக்குள் ஏற்றி, மடியில் புளிச்சோற்றுத் தூக்கைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டாள். பாலத்துக்குச் செங்குத்தாக இறங்க வேண்டும். நாங்கள் இறங்கினோம், அவள் இறங்கவில்லை.

"அவ வண்டியிலயே இருக்கட்டும்ங்க. ஆள் இல்லாட்டி கொரங்கு சோத்தத் தூக்கிட்டுப் போயிரும்," என்றாள் அத்தை.

வண்டிக்காரர் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார். அவர் இருக்கும்போது குரங்குக்கு என்ன துணிச்சல் என்று யாரும் கேட்கவில்லை.

தம்பிக்காரர் பாலத்தில் இரண்டு முறை நடந்தார். "எங்க ஊரு கம்மாய்க் கலுங்கு இதவிட நீளம்," என்றார். அந்த மனிதருக்கு எதைக் காட்டினாலும் அவர் ஊரில் அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. முதியங்கனை விகாரையைக் காட்டினோம், அவர் ஊர்க் கோபுரம் பெரிது. நமுனுகுல மலையைக் காட்டினோம், கொஞ்சம் யோசித்துவிட்டு அழகர்மலையைச் சொன்னார். சம்பந்தியம்மாள் பாலத்தைப் பார்க்கவேயில்லை. இறங்கி வந்த சரிவில் திரும்பி நின்று, மேலே நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது பயணம் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு. எங்கள் கடையில் துணியெடுக்கும் பெரிய கங்காணி ஒருவர் கூப்பிட்டிருந்தார். தேயிலைச் சரிவு சுற்றிப் பார்க்க வேண்டும், நடை அதிகம். அதனால் அன்று விடிந்ததும் மகளுக்கு வீட்டு விலக்கு என்று அத்தை அறிவித்துவிட்டாள். ஆகாத நாளில் ஆனதாகச் சொன்ன பொய்க்காக அந்தப் பெண் கொல்லைச் சாய்ப்பில் தனிப் பாயும் தனித் தட்டுமாக மூன்று நாள் உட்கார வேண்டியதாயிற்று. வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்தால் விருந்தாளிகளுக்குத் தெரிந்துவிடுமே.

தோட்டத்தில் கங்காணி எங்களுக்குக் கருப்பட்டி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். ஆலையில் இலை வாடவைக்கும் மாடியைக் காட்டினார். பிறகு தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயங்களைச் சுற்றிக்கொண்டு போனோம். வரிசை வரிசையாக ஒற்றை அறைகள். சம்பந்தியம்மாள் ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளே தலையை நீட்டிப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். மிருகக் கூண்டு பார்க்கிறவர்களாவது இரண்டு கடலை போடுவார்கள்.

கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் அவளைக் கண்டதும் ஓடி வந்தாள். "ஆத்தா, நீங்களா! எங்கேயிருந்து வர்றீங்க? நல்லா இருக்கீங்களா? என்னையத் தெரியலையா? ஒங்க களத்துல நெல்லுத் தூத்துனவ."

"யாரோ என்னமோ," என்றாள் சம்பந்தியம்மாள். அவள் பார்வை அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே போய் மலையில் நின்றது. தம்பிக்காரர் அக்காவின் பின்னாலேயே போனார். பெண்ணின் முகம் செத்துவிட்டது. நான் ஒரு பேச்சுக்காக, ஊரில் அவர்களைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்க. அந்த ஆத்தா மகனுக்குக் காக்காவலிப்பு வருமே, இப்பத் தேவலையா? ஒருவாட்டி கல்லாவுல இருந்தே சாஞ்சு, நாக்கக் கடிச்சுக்கிட்டு, கடை முழுக்க ரத்தமாப் போச்சு."

அக்கறையில் கேட்டாளா, அவமானப்படுத்தியதற்குப் பதிலடியாகக் கேட்டாளா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் அத்தையிடம் சொன்னேன். அத்தை வெங்காயம் நறுக்குவதை நிறுத்தக்கூட இல்லை.

"வலிப்புன்னா என்னடி? கையில ஒரு இரும்பக் குடுத்தா நின்னுட்டுப் போகுது. நம்ம கால் குட்டைன்னு நாம சொன்னமா? அவுகளும் சொல்லல. அவுக மறைக்கிறத அவுக மறைக்கட்டும், நாம மறைக்கிறத நாம மறைப்போம். வாயப் பொத்திக்கிட்டு வேலையப் பாரு."

அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சாய்ப்பு. நான் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தபோதே நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டிருப்பது முகத்தில் தெரிந்தது. நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் என் கணவரிடம் சண்டை போட்டாவது நிறுத்தியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வலிப்பு வர்ற நேரம் போக மிச்ச நேரம்னு ஒண்ணு இருக்கும்ல மதினி," என்றாள். "அடுப்பு என்னுதா இருக்கும். இன்னைக்கு என்ன கொழம்புன்னு நான் முடிவு பண்ணுவேன். இங்க எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க."

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஓர் அடுப்பு. அதற்காக அவள் எதையும் செய்வாள் என்பது அடுத்த பயணத்தில் தெரிந்தது.

மூன்றாவது இடத்தைச் சம்பந்தியம்மாளே தேர்ந்தெடுத்தாள். துன்ஹிந்த அருவி. அங்கே கடைசிவரை வண்டி போகாது. காட்டுக்குள் கல்லும் வேருமாக ஒற்றையடிப் பாதையில் இறங்கி, திரும்ப ஏற வேண்டும். அத்தை மழை வரும் என்றாள், வானம் பளிச்சென்று இருந்தது. அட்டை கடிக்கும் என்றாள்.

"கடிச்சா கடிக்குது. பொண்ணும் வரட்டும்ங்க. பாவம், தோட்டத்துக்கும் வர முடியாமப் போச்சு," என்றாள் சம்பந்தியம்மாள்.

விலக்கு என்ற பொய்யை மாதத்தில் ஒருமுறைதான் சொல்ல முடியும். அத்தை அதை அவசரப்பட்டுச் செலவழித்துவிட்டாள். இளைப்பு என்று சொல்லித் தான் வீட்டில் நின்றுகொண்டு, மகளின் கொசுவத்தைத் தரையைத் தொடும்படி இறக்கிவிட்டாள். "ஒரு நாள்தான். பல்லக் கடிச்சுக்க," என்று மட்டும் சொன்னாள்.

வண்டியிலிருந்து இறங்கியதும் சம்பந்தியம்மாள் வரிசை பிரித்தாள். பெண் முன்னால், அவள் பின்னால், தூக்குப் பாத்திரத்தோடு நான் மூன்றாவது, தம்பிக்காரர் கடைசி. வழியெல்லாம் இடது பக்கம் பள்ளத்தாக்கு திறந்து கிடந்தது. கீழே ஆறு ஓடியது. மரத்துக்கு மரம் குருவி கத்தியது. அதையெல்லாம் பார்த்தது நான் மட்டும்தான். சம்பந்தியம்மாளின் கண் முன்னால் போன சேலைக்கரையை விட்டு நகரவில்லை. நாத்தனாரின் வலது குதிகால் ஒருமுறைகூட மண்ணைத் தொடவில்லை. கல்லில் விரலை ஊன்றினாள், வேரில் விரலை ஊன்றினாள். இடுப்பு ஆடவில்லை. தலையில் செம்பு இருப்பது போலவே போனாள்.

பாதிவழியில், சேலை விலகித் தெரிந்த அவள் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது. குனிந்து அதைப் பிய்த்தெறிந்துவிட்டு நிமிர்ந்தால் நடை குலைந்துவிடும். அவள் குனியவில்லை. நேர் பின்னால் வந்தவள் அட்டையைப் பார்த்தாள். அது குடித்துக் குடித்துத் தடிப்பதையும் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. கடைசியில் நான்தான் இருவரையும் முந்திக்கொண்டு போய், அட்டைக்கென்று கொண்டு வந்திருந்த உப்புத் துணியால் தட்டிவிட்டேன். சேலைக்கரை ரத்தத்தில் நனைந்து போயிருந்தது.

அருவிக்கு எதிரே நல்ல பாறையெல்லாம் வெள்ளைக்காரர்கள் பிடித்திருந்தார்கள். வெள்ளைத்துணி விரித்துக் கோழியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒரு துரைசானி நாற்காலியில் வந்திருந்தாள். தூக்கி வந்த தோட்டத்து ஆட்கள் நாலு பேர் ஓரமாகக் குந்தி வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள் எழுந்து பாறைக்குப் பாறை தாவி விளையாடினாள். இரண்டு காலும் அவ்வளவு நன்றாக இருந்தன.

நாங்கள் ஒதுங்கி ஓரத்தில் நின்றோம். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து புகையாகப் பறந்தது.

"குத்தாலம்னா குளிக்கலாம். இதுல என்ன செய்யிறது?" என்றார் தம்பிக்காரர்.

சம்பந்தியம்மாள் அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்து, துன்ஹிந்தவில் அவள் பார்த்தது ஒரு பெண்ணின் பாதத்தை.

திரும்பி ஏறும்போது கேட்டாள். "கால் வலிக்குதாத்தா?"

"இல்லைங்க."

"கொஞ்சங்கூடவா? எனக்கே வலிக்குதே. சும்மா சொல்லு, வெக்கப்படாத."

"வலிக்கலைங்க."

சம்பந்தியம்மாளின் முகம் சுருங்கிப்போயிற்று. ஏற்றத்தில் களைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். நாத்தனாரின் கீழுதட்டில் பல் பதிந்த இடம் வெளுத்திருந்தது. இருந்தும் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அடுப்பு கைக்கு வந்துவிட்டது என்ற சிரிப்பு அது.

வீட்டுக்கு வந்து நான் நடந்ததைச் சொன்னதும் அத்தை முருகன் கோவிலுக்குப் போய்ச் சிதறுதேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். மகள் உள்ளறையில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. முழங்கால் பூசணிப் பிஞ்சாட்டம் வீங்கியிருந்தது. புளியிலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். தலைவலி என்று விருந்தாளிகளிடம் சொன்னோம்.

மறுநாள் காலையில் அவர்கள் மூட்டை கட்டினார்கள். பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை, பண்டாரவளைக்குப் போய்ப் பிடிக்க வேண்டுமாம். ஒரு வார்த்தை பிடி கொடுக்கவில்லை. அத்தை வாய்விட்டுக் கேட்க முடியாது, அவர்கள்தான் ஊர் பார்க்க வந்தவர்களாயிற்றே. கிணற்றடியில் நான் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, சம்பந்தியம்மாளிடம் நானே கேட்டுவிட்டேன். எங்கள் பெண்ணிடம் என்ன குறை கண்டீர்கள் என்றேன்.

"கொறையே இல்லையேத்தா, அதான் கொறை," என்றாள். சிரிக்கவில்லை. "எங்க பையனுக்கு ஒடம்புல ஒண்ணு இருக்கு. தோட்டத்துல அந்தச் சிறுக்கி ஒன்கிட்ட என்ன ஓதுனான்னு எனக்குத் தெரியும். பதுளையில ஒரு வீட்டுல கால் ஊனமான பொண்ணு இருக்குன்னு சொன்னாங்க. சரி, கொறைக்குக் கொறை சரியாப் போகும், நாளைக்கு ஒருத்தர ஒருத்தர் கேக்க முடியாதுன்னு நெனச்சுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன். இது என்னடான்னா மான் மாதிரி நடக்குது. நல்ல காலோட வர்றவ என் மகனப் பாத்து என்னைக்காவது ஒரு நாள் சிரிப்பா. அது எனக்கு வேணாம்."

வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி அத்தையிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று கேட்டால், முடியாது. எவளால் முடியும்?

அத்தை உள்ளறைக்குப் போய் மகளைத் தோளைப் பிடித்துத் தூக்கினாள். "எந்திரிடி. எந்திரிச்சு வாசலுக்கு வா. அவுகளுக்கு நொண்டிதான் வேணுமாம். நட, நீ எப்படி நடப்பியோ அப்படி நட!"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம்தான் வந்தது. நான் பார்த்தேன். பிடித்துப் பிடித்து எழுந்து கடை வழியாக வந்தாள்.

வண்டி கடை வாசலில் நின்றது. தம்பிக்காரர் ஏறி உட்கார்ந்துவிட்டார். சம்பந்தியம்மாள் ஒரு காலைச் சட்டத்தில் வைத்திருந்தாள். மாமனார் துணி மடித்துக்கொண்டிருந்த கையோடு நின்றார். எதிர்க்கடைக்காரர்கள், சாமான் வாங்க வந்த தோட்டத்துச் சனம், எல்லோருக்கும் நடுவில் அத்தை கத்தினாள்.

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க! எம்மகளுக்குக் கால் குட்டைதாங்க, சத்தியமாக் குட்டைதான்! நாங்கதான் மறைச்சிட்டோம். நீங்களே பாருங்க. ஏய், அந்த வெளக்குக் கம்பம் வரைக்கும் நடந்து காட்டு. நல்லா நொண்டிக் காட்டு!"

சம்பந்தியம்மாள் காலை இறக்கிக் கீழே நின்றாள். மாடு வாங்குகிறவள் மாதிரி கொஞ்சம் விலகி, பக்கவாட்டில் பார்க்க வசதியாக நின்றுகொண்டாள். "நடத்தா, பாப்போம்," என்றாள். "சேலையக் கொஞ்சம் தூக்கிக்கிட்டு நட."

நாத்தனார் கடைப்படியை இறங்கினாள். தெருவைப் பார்த்தாள், சம்பந்தியம்மாளைப் பார்த்தாள். அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அந்த முழங்காலோடு சும்மா நடந்தாலே போதும். சேலையைத் தூக்கவில்லை. குதிகாலை உயர்த்தி விரலை ஊன்றினாள். விளக்குக் கம்பம் வரைக்கும், கடைவீதி முழுவதும் பார்க்க, கோவில் தேர் போல ஆடாமல் அசையாமல் நடந்தாள். அவ்வளவு நேராக அவள் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை.

"நல்லா ஆள் பாத்தீங்க என்னைய ஏமாத்த," என்று சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மாள் வண்டியில் ஏறினாள். வண்டி கம்பத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி மறைந்தது. அதன் பிறகுதான் நாத்தனார் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள்.

நான் ஓடப் போனேன். அத்தை என் கையை இறுக்கிப் பிடித்தாள். "விடு. நல்லாத்தானே நடந்தா மகராசி. நடந்தே வரட்டும்."

நடந்தே வந்தாள். அந்தக் காலை இழுத்து இழுத்து, ஒவ்வொரு எட்டுக்கும் உடம்பு பாதி சாய்ந்து நிமிர, கடைக்குக் கடை நின்று வந்தாள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். படியருகே வந்தபோது அத்தையின் கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த அழுகையோடேதான் கேட்டாள்:

"இந்த நடைய அவ நிக்கிறப்ப நடந்திருக்கக் கூடாதாடி, பாவி?"